மூட்டைக்கு ஒரு சட்டம், பிள்ளைக்கு ஒரு சட்டம்

வியாபாரச் சகோதரர்களே, இந்தப் பகுதியில் நாம் வழமையாகக் கொள்வனவு, கடன், காசோலை, வரி என்றுதான் பேசுவோம். இந்த வாரம் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குள் போவோம். வீட்டுச் சுவரின் ஈரமும் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் தூசியும் வியாபாரப் பகுதிக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கட்டுரையின் கடைசியில் ஒரு சிறிய கணக்கு இருக்கிறது. அது என்னுடைய சொந்த நட்டக் கணக்கு. அதை வாசித்தால் விடயம் விளங்கும்.

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் செத்தல் மிளகாய், மல்லி, மிளகு வியாபாரத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் இருப்பவன் நான். கொரோனாக் காலத்தில், 2020இல், ஊரடங்குக்குப் பயந்து கொஞ்சம் சரக்கை தெமட்டகொடையில் உள்ள வீட்டு மேல்மாடி அறையொன்றில் இறக்கினேன். ஊரடங்கு போய்விட்டது, சரக்கு போகவில்லை. ஸ்டோர் வாடகை கூடக்கூட, அந்த அறை நிரந்தர ஸ்டோராகிவிட்டது. அதற்கு அடுத்த அறையில் மகளும் மருமகனும் பேரனும் இருந்தார்கள்.

2023 ஒக்டோபர் மழையோடு பேரனுக்கு இரவில் இழுப்பு வரத் தொடங்கியது. அப்போது அவனுக்கு நான்கு வயது. நள்ளிரவில் முச்சக்கரவண்டி பிடித்து டிஸ்பென்சரிக்கு ஓடுவதும், நெபுலைசர் வைத்துக்கொண்டு விடியப்புறம் திரும்புவதுமாக மூன்று மாதம் கழிந்தது. ஐஸ்கிறீம் கொடுத்தாயா, தலையில் தண்ணீர் வார்த்தாயா என்று மகளை நாங்கள் எல்லோரும் குற்றம் சொன்னோம். “வீட்டில் ஈரச்சுவர் ஏதும் இருக்கிறதா?” என்று வைத்தியர் ஒரு நாள் கேட்டார். இல்லை என்று நான்தான் பதில் சொன்னேன். பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது.

டிசம்பரில் ஒரு நாள், எமது கடையில் நீண்ட காலமாக மூட்டை தூக்கும் நாட்டாமை ஒருவர் வீட்டு ஸ்டோரில் இருந்து சரக்கு எடுக்க வந்தார். செத்தல் மூட்டை இரண்டின் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடித்திருந்தது. அவர் மூட்டையை மணந்து பார்த்தார். பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எங்களிடம் கேட்டுக்கொண்டு அடுத்த அறைக்கும் போய், அங்கே சுவரோடு ஒட்டியிருந்த அலுமாரியைச் சற்று முன்னுக்கு இழுத்தார். அலுமாரிக்குப் பின்னால் தரையில் இருந்து இடுப்பளவுக்குச் சுவர் கறுப்பாக இருந்தது. அந்தச் சுவரோடு ஒட்டித்தான் பேரனின் கட்டிலும் கிடந்தது.

“மொதலாளி, மூட்டைய செவத்துல முட்ட விடாதேன்னு எங்களுக்கு நீங்கதானே சொல்லித் தந்தீங்க. புள்ளைட கட்டில மட்டும் ஏன் முட்ட வெச்சிருக்கீங்க?” என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை.

ஸ்டோரில் நாம் அறிந்தது

பலசரக்கு வியாபாரி ஒருவருக்கு ஈரத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மூட்டையைத் தரையில் போடமாட்டோம். பலகைக்கு மேல் அடுக்குவோம். சுவரில் இருந்து ஓர் அடியாவது தள்ளி வைப்போம். மிளகின் ஈரப்பதன் 12 வீதத்துக்கு மேல் போனால் விலையைக் குறைப்போம், அல்லது வெயிலில் போட்டுத் திரும்பக் கொண்டுவரச் சொல்வோம். முதலில் வந்த சரக்கை முதலில் வெளியேற்றுவோம். மழை நாளில் ஸ்டோர்க் கதவைத் திறந்து போடமாட்டோம். புடைவைக் கடைக்காரர் தன் சரக்குக்கும், சப்பாத்துக் கடைக்காரர் தோலுக்கும், ஹாட்வெயார்க்காரர் துருவுக்கும் இதே கவனத்தை எடுக்கிறார்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் இந்த அறிவு முழுவதையும் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிடுகிறோம். மெத்தை தரையில் கிடக்கிறது. அலுமாரி சுவரில் முட்டுகிறது. மழைக்காலத்தில் ஈரத்துணி மண்டபத்துக்குள் கொடியில் தொங்குகிறது. மூட்டைக்கு ஒரு சட்டம், பிள்ளைக்கு ஒரு சட்டம் என்றாகிவிட்டது.

காற்றில் எவ்வளவு தண்ணீர்?

பாடசாலையில் ‘சாரீரப்பதன்’ என்று படித்திருப்போம். காற்று குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையில் தாங்கக்கூடிய மொத்த நீராவியில் இப்போது எத்தனை வீதம் இருக்கிறது என்பதே அதன் பொருள். சூடான காற்று கூடுதலாகத் தாங்கும். குளிர்ந்த காற்று குறைவாகத் தாங்கும். 30 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீரைத் தாங்கும். அதே காற்று 20 பாகைக்குக் குளிர்ந்தால் 17 கிராம்தான் தாங்கும். மிகுதி எங்கே போகும்? சுவரில், கண்ணாடியில், அலுமாரிக்குப் பின்னால் தண்ணீராக இறங்கும்.

பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி என்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலை 30 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்றால், அந்த அறைக் காற்றில் மட்டும் 650 கிராமுக்கு மேல் தண்ணீர் மிதக்கிறது. கொழும்பு, காலி, களுத்துறைப் பக்கம் 80 வீதம் என்பது சாதாரண நாள். அந்தக் காற்று 26 பாகை அளவுக்குக் குளிர்ந்த ஒரு சுவரைத் தொட்டால் போதும், சுவர் வியர்க்கத் தொடங்கும். ஓர் அறையில் ஏ.சி. ஓட, அடுத்த அறைச் சுவர் ஏன் நனைகிறது என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

இதற்கு மேல் நாமும் தண்ணீர் சேர்க்கிறோம். மூச்சு, சமையல், குளியல், துணி காயவிடுதல் எல்லாம் சேர்த்து, நான்கு பேர் உள்ள வீடொன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 லீற்றர் தண்ணீரைக் காற்றில் விடுகிறது. நம்பாமல் நானே சோதித்தேன். வீட்டில் பிழிந்து வைத்த ஒரு வாளித் துணியைக் கடைத் தராசில் நிறுத்தேன், ஏழு கிலோ. காய்ந்த பிறகு நிறுத்தேன், நாலரைக் கிலோ. இரண்டரை லீற்றர் தண்ணீர் மண்டபக் காற்றுக்குள் போயிருந்தது. மழை நாளில் ஒவ்வொரு நாளும் இதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

ஈரம் கூடினால் இரண்டு பேர் குடியேறுவார்கள். ஒருவர் பூஞ்சணம். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி. இந்தப் பூச்சி கடிப்பதில்லை. மெத்தையிலும் தலையணையிலும் உதிரும் எமது தோல் துகளைத் தின்று, காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி வாழ்கிறது. இதன் எச்சம்தான் பலருக்குத் தும்மலையும் இழுப்பையும் தூண்டுகிறது. ஈரப்பதன் 50 வீதத்துக்குக் கீழே நீண்ட நாள் இருந்தால் இது காய்ந்து செத்துவிடும். எமது நாட்டில் இயந்திரம் இல்லாமல் அந்த அளவுக்கு இறக்க முடியாது. 65 வீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நிற்காமல் பார்த்துக்கொண்டாலே பூஞ்சணத்தின் கையைக் கட்டிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வீட்டு ஈரம், பூஞ்சணம் பற்றித் தனியாக ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. ஈரமான வீடுகளில் வசிப்போருக்கு இருமல், இழுப்பு, தொய்வு முதலிய சுவாச நோய்கள் கூடுதலாக ஏற்படுவதாக அது கூறுகிறது.

முதலில் அளவுகோல்

தராசு இல்லாமல் வியாபாரம் செய்ய முடியாது. ஈரத்தை அளக்கவும் ஒரு சிறிய மீற்றர் இருக்கிறது. உள்ளங்கை அளவு, ஈரப்பதனையும் வெப்பநிலையையும் இலக்கத்தில் காட்டும். ஒரு கிலோ ஏலக்காயின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. மலிவு மீற்றர் சரியாகக் காட்டுகிறதா என்று சந்தேகம் வந்தால் பரிசோதிக்க வழி இருக்கிறது. ஒரு போத்தல் மூடியில் சாப்பாட்டு உப்பை நிரப்பி, சில துளி தண்ணீர் விட்டுச் சேறு போல் ஆக்குங்கள். உப்பு கரைந்து போகக்கூடாது. அதையும் மீற்றரையும் காற்றுப் புகாத ஒரு பொலித்தீன் உறையில் போட்டு மூடி, ஓர் இரவு வைத்திருங்கள். காலையில் 75 என்று காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் மீற்றர் 4 குறைத்துக் காட்டுகிறது. எப்போதும் 4ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். உப்பு எங்கேயும் உப்புத்தான், அது ஏமாற்றாது.

எனது வீட்டில் முதல் நாள் மண்டபத்தில் 78, சமையலறையில் 81, பேரனின் அறையில் 88 காட்டியது. ஒரே வீடு, ஒரே மழை. அப்படியென்றால் அந்த அறைக்கு மட்டும் தண்ணீர் வேறு எங்கோ இருந்து வருகிறது.

சுவர் வியர்க்கிறதா, குடிக்கிறதா?

அந்தச் சுவருக்கு நான் முன்னரே இரண்டு தடவை பெயின்ட் அடித்திருந்தேன். பூச்சு கொப்புளித்து உதிர்ந்தபோதெல்லாம் பெயின்டையும் பெயின்ட் அடித்தவரையும் குறை சொன்னேன். ஈரச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது, வராத கடனை வந்ததாக எழுதிக் கணக்கை முடிப்பதைப் போன்றது. அடுத்த வருடம் அது திரும்பவும் தலை காட்டும்.

மேசன் ஒருவர் சொல்லித் தந்த சோதனை இது. சமையலறையில் பாவிக்கும் அலுமினியத் தாளை ஓர் அடிச் சதுரமாக வெட்டி, சுவரின் ஒரு பகுதியைத் துடைத்துக் காயவைத்து, நான்கு பக்கமும் டேப்பினால் நன்றாக ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம், அதாவது அறைப் பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. அதற்கு மருந்து காற்றோட்டம். தாளுக்குப் பின்னால் நனைந்திருந்தால் சுவரே தண்ணீர் குடிக்கிறது. அதற்குக் குழாயையும், பீலியையும், கூரையையும், நிலத்தில் இருந்து ஏறும் ஈரத்தையும் தேட வேண்டும்.

எங்கள் வீட்டில் தாளுக்குப் பின்னால்தான் தண்ணீர். அடுத்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் ஓர் அடி இடைவெளி. ஆள் நுழைய முடியாது. மேலே பீலியின் பொருத்து ஒன்று விட்டுப் போய், கூரைத் தண்ணீர் முழுவதும் அந்தச் சுவர் வழியாக வடிந்துகொண்டிருந்தது. எத்தனை வருடமாக என்று தெரியவில்லை. கொழும்பின் நெருக்கமான தோட்டங்களிலும் ஒழுங்கைகளிலும் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த இருட்டு இடைவெளிதான்.

வெள்ளம் வந்த வீடுகளுக்கு இன்னொரு வார்த்தை. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் மூழ்கியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும், தண்ணீர் வற்றியதும் அவசரமாகக் கழுவி, பெயின்ட் அடித்துக் குடியேறியவர்கள் அநேகர். நனைந்த பொருளை 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் காயவைத்தால் பூஞ்சணம் பெரும்பாலும் வராது. அதைத் தாண்டி நனைந்து கிடந்த மெத்தை, பஞ்சுத் தலையணை, கார்ப்பெட், காட்போட் பெட்டி ஆகியவற்றை ஆசைப்பட்டு வைத்திருக்க வேண்டாம். சுவரைப் பல வாரங்கள் திறந்து காயவிட்டு, அலுமினியத் தாளை ஒட்டிப் பார்த்த பிறகே பூச்சு வேலையைத் தொடங்குங்கள்.

ஜன்னலைத் திறக்கும் நேரம்

காற்றோட்டம் நல்லது என்று விடியப்புறமே எல்லா ஜன்னல்களையும் திறக்கிறோம். ஆனால் நாளில் ஈரப்பதன் கூடிய நேரம் விடியப்புறம். குறைந்த நேரம் நண்பகலும் அதை அடுத்த மணித்தியாலங்களும். மழையில்லாத நாளில் காலை 10 மணிக்குப் பிறகு, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றை ஊடறுத்துப் போகவிடுங்கள். அந்த நேரத்தில் அலுமாரிக் கதவையும் திறந்து வையுங்கள். குளித்த பிறகும் சமைக்கும்போதும் மட்டும் நேரம் பார்க்கத் தேவையில்லை. உள்ளே சேர்ந்த நீராவியை உடனே வெளியேற்ற வேண்டும். அதற்குக் குளியலறைக்கும் சமையலறைக்கும் வெளியே தள்ளும் விசிறி ஒன்று போதும். பழைய வீடுகளில் கதவுக்கு மேல் காற்றுத் துவாரம் வைத்தார்கள். நாம் ஏ.சி. பூட்டும்போது அதைச் சீமெந்தால் அடைத்துவிட்டோம்.

ஏ.சி.யைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. சாதாரண ஸ்பிலிட் ஏ.சி. புதுக் காற்றை உள்ளே எடுப்பதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிராக்குகிறது. போகிற போக்கில் ஈரத்தை எடுத்துத் தண்ணீராக வெளியே விடும். அது நல்ல காரியம். ஆனால் ஐந்து பேர் கதவை அடைத்துத் தூங்கினால், காலையில் தலை கனப்பது குளிரினால் மட்டுமல்ல. படுக்க முன்னும் எழுந்த பின்னும் சற்று நேரம் கதவைத் திறந்துவிடுங்கள். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழற்றிக் கழுவுங்கள். தண்ணீர் வடியும் குழாய் அடைபட்டால் ஏ.சி.யே பூஞ்சணப் பண்ணையாகிவிடும்.

ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கலாமா என்று கேட்பவர்கள், முதலில் மின்சாரத்தைக் கணக்குப் பாருங்கள். 300 வாற்று இயந்திரம் ஒன்றை நாளுக்கு 8 மணித்தியாலம் ஓட்டினால் மாதத்துக்கு 72 அலகு. ஒழுகும் பீலியைத் திருத்தாமல் இயந்திரத்தை ஓட்டுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது போன்றது. அலுமாரிக்குள் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் அரை லீற்றர் அளவுக்குத்தான் உறிஞ்சும். மூடிய அலுமாரிக்கு அது உதவும், அறைக்கு உதவாது.

கிழக்கில் உள்ள வாசகர்களின் கணக்கு வேறு. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கம் வருட நடுவில் கச்சான் காற்று அடிக்கும்போது ஈரம் பிரச்சினையில்லை, தூசிதான் பிரச்சினை. அந்த மாதங்களில் பகலில் காற்று வரும் பக்கத்து ஜன்னலை அடைத்து, மற்றப் பக்கத்தைத் திறப்பதே புத்தி. வருடக் கடைசியில் வாடை மழை தொடங்கியதும், மேலே சொன்னவை எல்லாம் அவர்களுக்கும் பொருந்தும். நுவரெலியா, ஹட்டன் பக்கம் குளிர் என்பதால் சுவர் வியர்ப்பது கூடுதல். அங்கே கட்டிலைச் சுவரில் இருந்து தள்ளிப் போடுவது முதல் கடமை.

தூசியும் புகையும்

தூசியில் கண்ணுக்குத் தெரிவது ஆபத்துக் குறைந்தது. மயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கான 2.5 மைக்ரோமீற்றர் அளவுத் துகள்தான் சுவாசப்பையின் அடிவரை போகிறது. ஒரு கனமீற்றர் காற்றில் இத்தகைய துகள் 24 மணித்தியாலச் சராசரியாக 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் விதித்த அளவு. டிசம்பரில் காற்று வடகிழக்கில் இருந்து திரும்பும்போது, இந்தியப் பக்கத்துப் புகையும் எமக்கு வருகிறது. 2022 டிசம்பர் 9ஆம் திகதி பாடசாலைகளை மூடும் அளவுக்குக் காற்று கெட்டது. அத்தகைய நாட்களில் ஜன்னலை அடைத்து வைப்பதே நல்லது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் காற்றின் தரத்தை அளந்து அறிவிக்கிறது.

ஆனால் பாதிப் புகையை நாமே வீட்டுக்குள் மூட்டுகிறோம். நுளம்புச் சுருள் ஒன்று எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரட்டின் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. வாப்பா சிகரட் குடிப்பதில்லை என்று பெருமைப்படும் வீட்டில், பிள்ளையின் கட்டிலுக்கு அடியில் இரவு முழுக்கச் சுருள் எரிகிறது. டெங்குக்குப் பயந்துதான் கொளுத்துகிறோம். அந்தப் பயம் நியாயமானது. ஜன்னலுக்குக் கம்பி வலையும் கட்டிலுக்கு நுளம்பு வலையும் போட்டால் இரண்டில் இருந்தும் தப்பலாம். சாம்பிராணி போடுவதாக இருந்தால் ஜன்னலைத் திறந்து போடுங்கள். இழுப்பு உள்ள பிள்ளையை அந்த நேரம் வெளியே வையுங்கள். செத்தல் வறுப்பதும் விறகு எரிப்பதும் அப்படியே.

உயிரையே எடுப்பது ஜெனரேட்டர் புகை. 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டப்பட்டபோது, கடைக்கு உள்ளேயும் மாடிப்படிக்குக் கீழேயும் ஜெனரேட்டர் ஓட்டியவர்களை நான் கண்டேன். அதில் வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. தலை சுற்றுவதை உணரும்போது எழுந்து நடக்கவும் முடியாமல் போகலாம். ஜெனரேட்டர் கட்டடத்துக்கு வெளியே, ஜன்னலுக்குத் தூரத்தில் இருக்க வேண்டும். இதில் சலுகை கிடையாது.

கூட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. காய்ந்த தும்புத்தடியால் கூட்டினால் தூசி தரையில் இருந்து எழுந்து மூக்கின் உயரத்துக்கு வருகிறது. ஈரத்துணியால் துடைப்பதே மேல். ஆனால் துடைத்த தரை உடனே காய வேண்டும். விசிறியின் இதழை மாதத்துக்கு ஒரு தடவை ஈரத்துணியால் துடையுங்கள். கட்டில் விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு தடவை சூட்டுத் தண்ணீரில், முடிந்தால் 60 பாகையில், கழுவி வெயிலில் காயவிடுங்கள். மெத்தையைக் கட்டிலில் போடுங்கள், தரையில் வேண்டாம். கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் அதைக் காய்ந்த நிலையில் சுரண்டவோ, கம்பித் தூரிகையால் தேய்க்கவோ, துளைக்கவோ விடாதீர்கள். அந்தத் தூசி உள்ளே போனால் வெளியே வராது; அது புற்றுநோயை உண்டாக்கும்.

பூஞ்சணம் பத்துச் சதுர அடிக்குள் இருந்தால் நாமே துப்புரவு செய்யலாம். முகக்கவசமும் கையுறையும் போட்டு, சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். பிள்ளைகள் அந்த அறையில் இருக்கக்கூடாது. ப்ளீச் பாவிப்பவர்கள் அதை மலசலகூடம் கழுவும் அமிலத் திரவத்தோடு ஒருபோதும் கலக்கக்கூடாது. நச்சு வாயு வரும். காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வருபவர்களிடம், துகளைப் பிடிக்கும் ‘ஹெபா’ வடிகட்டி இருக்கிறதா, எத்தனை சதுர அடி அறைக்கு என்று கேளுங்கள். ஓசோன் விடும் இயந்திரம் என்றால் வேண்டாம். ஓசோன் சுவாசப்பைக்குக் கேடு. எந்தச் சுத்திகரிப்பு இயந்திரமும் ஈரத்தைக் குறைக்காது.

எனது கணக்கு

முதலில் சொன்ன கணக்குக்கு வருகிறேன். 2023 ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை டிஸ்பென்சரிக்குப் போனது 11 தடவை. வைத்தியருக்கும் மருந்துக்கும் வண்டிக்கும் சேர்த்து 38,000 ரூபாய் அளவில் போனது. எறிந்த செத்தல் இரண்டு மூட்டை, 50 கிலோ. 45,000 ரூபாய்க்குக் குறையாது. வீணான பெயின்ட் இரண்டு தடவை, 24,000 ரூபாய். மொத்தம் 1,07,000 ரூபாய். மருமகன் வேலைக்குப் போகாத நாட்களையும் மகளின் தூக்கத்தையும் நான் எழுதவில்லை. பீலிப் பொருத்தைத் திருத்தி, சுவரின் பூச்சைக் கொத்தி, காயவிட்டுத் திரும்பப் பூசியதற்கு 31,500 ரூபாய். மீற்றருக்கு 1,800 ரூபாய். கட்டிலைச் சுவரில் இருந்து ஓர் அடி தள்ளிப் போட்டதற்குச் செலவில்லை.

சரக்கை அந்த மாதமே வீட்டில் இருந்து வெளியேற்றினேன். செத்தலும் மல்லியும் தூசி விடும் சாமான்; பிள்ளை படுக்கும் அறைக்குப் பக்கத்தில் அவற்றை வைத்தது எனது பிழை. வாடகையை மிச்சம் பிடிக்கிறேன் என்று நினைத்தேன். அந்த மிச்சத்தைப் பேரனின் மூச்சில் இருந்து எடுத்திருக்கிறேன்.

சுவர் காய நான்கு மாதம் பிடித்தது. பேரனுக்கு இழுப்பு முற்றாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். வைத்தியர் கொடுத்த பம்ப் இன்னும் இருக்கிறது. அவர் சொல்லாமல் நாங்கள் எதையும் நிறுத்தவில்லை. ஆனால் 2024 ஒக்டோபர் மழையில் நள்ளிரவில் ஓடியது ஒரேயொரு தடவைதான், அல்ஹம்துலில்லாஹ்.

இன்றிரவு கடை அடைத்து வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளைகள் படுக்கும் அறையில் அலுமாரியை அரை அடி முன்னுக்கு இழுத்து, பின்னால் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மூட்டையைத் தொட்டு ஈரம் சொல்லத் தெரிந்த கைக்கு, அந்தச் சுவரும் விளங்கும்.